அறுந்த இழையும் அழகிய பொறுமையும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



திருத்தணி வட்டாரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி, அம்மையார்குப்பம் என்றோர் ஊர் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு சேர்ந்த பகுதி அது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அவ்வூரில் நெசவுதான் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. ஜவுளி அலுவலாக ஒருமுறை அங்கே போயிருந்தேன். கைத்தறியில் அமர்ந்திருந்த ஒரு முதியவரிடம், பேசி வைத்த துணி முடிந்துவிட்டதா என்று விசாரித்தேன். "இன்னும் ரெண்டு முழம் இருக்குது பாய், உட்காருங்க" என்றார். எனக்கோ பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

அப்போது பாவில் ஓர் இழை அறுந்தது. நாடா நின்றது, மிதியிலிருந்து கால் எடுபட்டது. பெரியவர் குனிந்து, அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, விழுதிலும் அச்சிலும் நுழைத்து, நிதானமாக முடிச்சிட்டார்.

"ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றுதானே ஐயா! அப்படியே ஓட்டிவிடக் கூடாதா?" என்றேன்.

அவர் சிரித்தார். "ஓட்டலாம் பாய். ஓட்டினா, அறுந்த எடத்துலேர்ந்து துணி நெடுகக் கோடு விழும். கரண்ட் தறியிலகூட ஆள் பார்க்காம விட்டா அப்படித்தான், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். இழை அறுகிறது நூலோட குத்தம். நிறுத்தாம ஓட்டினா அது நம்ம குத்தம்" என்றார்.

அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. அதற்கொரு காரணம் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். படிப்பவர்களில் ஒருவருக்காவது பயன்பட்டால் போதும்.

அத்தா மவுத்தான பிறகு, வீட்டுப் பாகப்பிரிவினை சம்பந்தமாக எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு நடந்து வந்தது. ஒருநாள் இரவு, வாடகைப் பணத்தில் ஒரு தொகை குறைவதாகச் செல்போனில் அவர் அனுப்பிய கணக்கிலிருந்து தெரிந்தது. படித்த மாத்திரத்தில் எனக்கு இரத்தம் கொதித்தது. உடனே வாட்ஸ்அப்பில் என் குரலிலேயே பேசி அனுப்பிவிட்டேன். ஓர் அண்ணன் தம்பியைப் பார்த்துச் சொல்லக் கூடாத சொற்கள் அதில் இருந்தன. சிறிது நேரத்தில் மனம் குத்தவே, அதை அழித்தேன். ஆனால் அதற்குள் அவரும் கேட்டுவிட்டார். அவர் மனைவியும் வளர்ந்த பெண்ணும் கேட்டுவிட்டார்கள். குறைந்த தொகை உம்மாவின் வைத்தியத்திற்குச் செலவானது என்பதும், ரசீதுகளை மறுநாள் நேரில் காட்ட அவர் எடுத்து வைத்திருந்தார் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதன்பின் வந்த இரண்டு பெருநாட்களிலும் தம்பி என் வாசலை மிதிக்கவில்லை.

சற்றே சிந்தியுங்கள்! இதே கோபம் அந்தக் காலத்தில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கடிதம் எழுதியிருப்பேன். இரவில் தபாலாபீஸ் பூட்டியிருக்கும். காலை சுப்ஹு தொழுதுவிட்டுப் படித்தால், என் எழுத்தே எனக்கு அசிங்கமாகத் தெரிந்திருக்கும், கிழித்துப் போட்டிருப்பேன். முன்னோர்கள் எல்லோரும் நம்மைவிடப் பொறுமைசாலிகள் என்று நான் சொல்ல வரவில்லை. கோபத்துக்கும் செயலுக்கும் நடுவே அவர்களுக்கு ஓர் இடைவெளி இருந்தது. இந்த அவசர யுகம் அந்த இடைவெளியை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. இன்று அந்த இடைவெளியை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மார்க்கம் அதற்கு வழி காட்டாமல் விட்டிருக்கிறதா?

முதல் அதிர்ச்சியில்தான் பொறுமை

மனிதன் அவசரத்தன்மையோடு படைக்கப்பட்டவன் என்பதை அல்லாஹ் தஆலா 'அல்-அன்பியா' அத்தியாயத்தின் 37-ஆம் வசனத்தில் உணர்த்துகிறான். ஆகவே அவசரம் நம் சுபாவத்திலேயே ஊறியது. செல்போனோ மோட்டாரோ அதைப் புதிதாகக் கொண்டுவரவில்லை, வளர்த்துவிட்டன, அவ்வளவே. அந்த அவசரத்துக்குக் கடிவாளம்தான் 'ஸப்ரு'. இந்த அரபுச் சொல்லின் மூலப் பொருளே தடுத்தல், பிடித்து நிறுத்துதல் என்பதாகும். வணக்கத்தில் நிலைத்து நிற்க மனத்தைப் பிடித்து வைப்பது ஒரு ஸப்ரு. பாவத்திலிருந்து அதைத் தடுப்பது ஒரு ஸப்ரு. துன்பம் வரும்போது அது நிலைகுலையாமல் காப்பது ஒரு ஸப்ரு என மார்க்க மேதைகள் மூவகையாகப் பிரித்துள்ளார்கள்.

ஒரு கப்றின் அருகே அமர்ந்து அழுதுகொண்டிருந்த பெண்ணைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அல்லாஹ்வை அஞ்சிப் பொறுமை கொள்ளும்படி அவளுக்கு உபதேசித்தார்கள். யாரென்று அறியாத அவள், தன் துன்பம் அவருக்கு நேரவில்லை என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டாள். சொன்னவர் இறைத்தூதர் என்று பிறர் தெரிவித்ததும் பதறிப்போய் வந்து வருத்தம் தெரிவித்தாள். அப்போது பெருமானார் (ஸல்) அவர்கள், உண்மையான பொறுமை என்பது துன்பம் தாக்கும் முதல் அடியிலேயே இருக்க வேண்டும் என விளக்கினார்கள். ஹளரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

நான்கு நாள் கழித்து எல்லோரும்தான் ஆறிப்போகிறோம். அதற்குப் பெயர் பொறுமையல்ல, களைப்பு. இழை அறுந்த அந்த நொடியிலேயே கையை நிறுத்துகிறவன் அல்லவா நெசவாளி!

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு வந்தவர்

அப்துல் கைஸ் கூட்டத்தார் மதீனாவுக்கு வந்தபோது, நாயகத்தைக் காணும் ஆவலில் வாகனங்களை விட்டுக் குதித்து ஓடினார்கள். அவர்களில் அஷஜ்ஜு (ரலி) அவர்கள் மட்டும் பின்தங்கினார்கள். ஒட்டகங்களை ஒழுங்காகக் கட்டி, சாமான்களைச் சேகரித்து வைத்து, நல்ல உடை உடுத்தி, அதன் பிறகே திருச்சமூகம் வந்தார்கள். அல்லாஹ் நேசிக்கும் இரு குணங்கள் அவரிடம் இருப்பதாக நபியவர்கள் பாராட்டினார்கள். ஒன்று சகிப்புத்தன்மை; மற்றது நிதானம். அந்த நன்மையான காரியத்துக்குக்கூட ஓடுவதைவிட நிதானமாக வந்தவருக்கே இந்தப் புகழாரம் கிடைத்தது என்றால், நாம் எதற்காக இப்படிப் பறக்கிறோம்? பாங்கு கேட்டுப் பள்ளிவாசலுக்கு வரும்போதும் ஓடி வராமல் அமைதியோடும் கண்ணியத்தோடும் நடந்து வரும்படியல்லவா நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது!

ஐவேளைப் பயிற்சி

பொறுமையை எங்கே போய்க் கற்பது என்று கேட்கிறீர்களா? 'அல்-பகரா'வின் 153-ஆம் வசனத்தில், பொறுமையையும் தொழுகையையும் கொண்டு உதவி தேடும்படி அல்லாஹ் நம்மை ஏவுகிறான். இரண்டையும் சேர்த்துச் சொன்னதன் நுட்பத்தைக் கவனியுங்கள். தொழுகைதான் பொறுமையின் பள்ளிக்கூடம்.

ஒரு மனிதர் பள்ளியில் வேகவேகமாகத் தொழுதுவிட்டு வந்து ஸலாம் சொன்னார். அவர் தொழவில்லை என்று கூறித் திரும்பப் போய்த் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மூன்று முறை இப்படியே நடந்தது. இதைவிட நன்றாகத் தனக்குத் தெரியாது, கற்றுத் தர வேண்டும் என அவர் பணிந்து கேட்டபோது, ருகூஇலும் ஸுஜூதிலும் உடல் அமைதி பெறும்வரை தரித்திருக்க வேண்டும் என்று கற்பித்தார்கள். ஒவ்வொரு நிலையிலும் தரிப்பது ஷாஃபிஈ மத்ஹபில் பர்ளு; ஹனஃபீ மத்ஹபில் வாஜிபு.

இன்று நம் தொழுகை எப்படி இருக்கிறது? ருகூஇலிருந்து முதுகு நிமிரும் முன்பே ஸுஜூது! சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தால் ஸலாம் கொடுக்கும் முன்பே மனம் அங்கே போய்விடுகிறது. அல்லாஹ்வின் முன்னிலையில் மூன்று தஸ்பீஹு சொல்லும் நேரம் பொறுக்காத மனிதன், மனைவியின் பேச்சை எப்படிப் பொறுத்துக் கேட்பான்? எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு எப்படிப் பொறுமையாய்ச் சொல்லித் தருவான்?

பொறுமை என்பது பணிந்து கிடப்பதா?

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். யூஸுஃப் (அலை) அவர்களை இழந்த யஃகூப் (அலை) அவர்கள் 'அழகிய பொறுமை'யை மேற்கொண்டதாகத் திருமறை கூறுகிறது. அவர்கள் அழாமல் இருக்கவில்லை. துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு வருந்தினார்கள். ஆனால் முறையீட்டை அல்லாஹ்விடம் மட்டுமே வைத்தார்கள். சும்மாவும் இருந்துவிடவில்லை, இறையருளில் நம்பிக்கை இழக்காமல் போய்த் தேடும்படி மக்களை அனுப்பினார்கள். எனவே அழுவது பொறுமைக்கு விரோதமல்ல. முயற்சியைக் கைவிடுவது பொறுமையும் அல்ல.

இன்னும் ஒன்று. நம் வீடுகளில் 'ஸப்ரு செய்' என்ற உபதேசம் எப்போதும் பெண்களுக்கே சொல்லப்படுகிறது. கை நீட்டுகிற கணவனுக்கு யார் சொல்வது? மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரனல்லன், கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்னும் நபிமொழி முதலில் ஆண்மக்களின் காதில் விழ வேண்டும். அநீதி செய்பவனைத் தடுக்காமல், அதைத் தாங்குபவளிடம் மட்டும் பொறுமை பேசுவது நியாயமாகாது. 'அல்-அஸ்ர்' அத்தியாயத்தில் காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் இறைவன், நஷ்டமடையாதவர்களின் அடையாளமாக ஈமானையும் நற்செயலையும் கூறியபின், சத்தியத்தையும் பொறுமையையும் ஒருவருக்கொருவர் உபதேசிப்பதைக் கூறுகிறான். சத்தியத்தை விட்டுவிட்டுப் பொறுமையை மட்டும் பிரித்தெடுக்க நமக்கு உரிமையில்லை.

இன்றே தொடங்குவோம்

கோபம் வந்தால் அஊது ஓதி அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுங்கள். நிற்பவர் அமரட்டும், அப்படியும் தணியாவிட்டால் படுக்கட்டும். இது நபிவழி. இத்தோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மனக்கொதிப்போடு எதை எழுதினாலும் பேசினாலும், அடுத்த வக்துத் தொழுகையை முடிக்கும்வரை அதை அனுப்பாதீர்கள். லுஹரில் எழுதியது அஸரில் அவசியம்தானா என்று தெரிந்துவிடும். துஆவிலும் அவசரப்படாதீர்கள், கேட்டேன், கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்ளாதவரையில்தான் துஆ ஏற்கப்படும் என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

அன்று அம்மையார்குப்பத்தில் என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் நேராகத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியும் மகளும் இருக்கும்போதே, "நான் சொன்னது தப்பு, மன்னிச்சிடு தம்பி" என்றேன். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உட்காருங்கண்ணே, டீ குடிங்க" என்றார். இப்போது பெருநாளுக்கு வருகிறார். ஆனால் பழைய நெருக்கம் முழுதாகத் திரும்பவில்லை. துணியில் விழுந்த கோடு இன்னும் தெரிகிறது. அது தேயும்வரை காத்திருப்பதுதான் இனி எனக்கு விதிக்கப்பட்ட ஸப்ரு.

உங்கள் வீட்டில் இன்று ஓர் இழை அறுந்திருக்கலாம். தறியை ஓட்டாதீர்கள், நிறுத்துங்கள், குனிந்து நுனியைத் தேடுங்கள், முடிச்சிடுங்கள்.

வல்ல நாயன் நம் அனைவரையும் பொறுமையாளர்களின் கூட்டத்தில் சேர்த்து, அறுந்த உறவுகளை இணைத்து, ஈருலக நற்பேற்றையும் தந்தருள்வானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!