எந்த நாள் வண்டி?

1990-ஆம் ஆண்டில் லண்டன் நீதிமன்றத்தில் ஒரு விசித்திரமான வழக்கு நடந்தது. ஒரு பழைய மோட்டார் வண்டி, அது அதுதானா என்பதுதான் வழக்கு.

வண்டி பென்ட்லி கம்பெனியாரின் 'ஸ்பீட் சிக்ஸ்'. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்பது அதற்கு வழங்கிய பெயர். பிரான்ஸ் தேசத்தில் லெ மான் என்ற ஊரில் இருபத்து நான்கு மணி நேரம் இடைவிடாமல் ஓடும் பந்தயம் உண்டல்லவா? அதில் 1929-லும் 1930-லும் அடுத்தடுத்து முதலாவதாக வந்தது. அதன் சொந்தக்காரர் அதை 1 கோடி பவுனுக்குக் கொடுக்க இசைந்தார். வாங்க வந்தவர்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கினார்கள். "இது லெ மானில் ஓடிய வண்டியே அல்ல. அந்த வண்டியின் பாகங்களில் இதில் என்ன மிஞ்சியிருக்கிறது?" என்று கேட்டார்கள்.

அவர்கள் கேட்டது வெறும் சாக்கு அல்ல. அந்த வண்டியின் சரித்திரம் அப்படி. ஒரு பந்தயத்துக்கும் மறு பந்தயத்துக்கும் நடுவே அதில் எதையாவது கழற்றி எதையாவது மாட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு பெரிய எட்டு லிட்டர் இஞ்சினை வைத்தார்கள். 1932-ல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் வண்டி கரையைத் தாண்டிப் பறந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். மிஞ்சியதை எடுத்து மறுபடி உடம்பு கட்டினார்கள். இத்தனைக்கும் பிறகு நீதிபதி ஆட்டன் என்ன சொன்னார் தெரியுமா? இதுதான் அந்த வண்டி என்றார். பழைய பாகங்கள் சொற்பம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் மாற்றங்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல, சிறிது சிறிதாகச் சேர்ந்து வண்டியோடு ஒன்றிப் போனவை, எந்தக் கட்டத்திலும் அந்த வண்டி இல்லாமற் போய் வேறொன்று வரவில்லை என்பது அவருடைய வாதம்.

இதைப் படித்தபோது எனக்கு நாகசேனரின் ஞாபகம் வந்தது. மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் ரதத்தில் வந்து இறங்கினான். சக்கரம் ரதமா, அச்சு ரதமா, நுகத்தடி ரதமா என்று அந்தப் பிட்சு ஒவ்வொன்றாகக் கேட்டு, ரதம் என்பது வழக்கில் உள்ள ஒரு பெயர்தான் என்று அவனையே ஒப்புக்கொள்ள வைத்தார். பெரிய ஞானம்தான். ஆனால் நாகசேனருக்கு அந்த ரதத்தை யாருக்கும் விற்க வேண்டியிருக்கவில்லை.

அதுவா, வேறா என்ற கேள்வியை நீதிபதிக்கும் பிட்சுவுக்கும் விட்டுவிடலாம். பழைய வண்டி ஒன்றைத் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் பிரித்துப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. இதை எந்த நாள் வண்டியாக ஆக்குவது?

என் நண்பர் ஒருவர் மூன்று வருஷ காலம் இந்தக் கேள்வியோடு குடித்தனம் நடத்தினார். மின்சார இலாகாவில் இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் மாயூரத்தில் டாக்டர். 1964-ல் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வாங்கினார். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் செய்த வண்டி. இத்தாலியில் டூரின் நகரத்து மிகெலாட்டி வரைந்த உருவத்தை இங்கிலாந்துக்காரர்கள் 1959-ல் வெளியிட்டார்கள். 1961 முதல் இங்கேயும் அதைச் செய்தார்கள். டாக்டர் 1991 வரையில் அதில்தான் போய்வந்தார். அப்புறம் அது கொல்லைக் கொட்டகையில் தார்ப்பாயின் கீழே கிடந்தது.

வீட்டில் வைத்துப் பிரித்துப் பூட்டுவதற்கு ஹெரால்டைப்போலத் தோதான வண்டி கிடைப்பது அரிது. மற்றவர்கள் உடம்பும் அடிச்சட்டமும் ஒன்றாய்ச் சேர்ந்த வண்டிகளுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இது மட்டும் தனிச் சட்டத்தோடு வந்தது. அதற்கும் ஒரு கதை உண்டு. ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. பல இடங்களில் துண்டு துண்டாகத் தகடு அடித்து வாங்கிச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டு முடுக்கிக்கொள்ளும்படி ஆயிற்று. ஆகவே கழற்றினால் துண்டு துண்டாக வரும். பானெட்டைப் பிடித்துத் தூக்கினால் இரண்டு முன் மட்கார்டுகளும் ஹெட்லைட்டுகளும் கூடவே முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். 948 சி.சி. இஞ்சின் மேடையில் வைத்த விக்கிரகம் மாதிரி நாலு புறமும் தெரியும். முன் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம்.

நண்பர் முறையாகத்தான் ஆரம்பித்தார். இறுகிக் கிடந்த இஞ்சினில் பிளக்குத் துவாரங்கள் வழியாக எண்ணெய் விட்டுப் பல நாள் ஊற வைத்தார். அங்குல அளவு ஸ்பானர்களைத் தேடிச் சேகரித்தார். கழற்றிய போல்ட்டுகளை ஹார்லிக்ஸ் புட்டிகளில் போட்டுச் சீட்டு ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுப்பேட்டைக் கடைகளில் ஏறி இறங்கினார். அவர் மனைவி, "இவருக்கு இந்த வயசில் இரண்டாவது சம்சாரம் வந்துட்டா" என்று என்னிடம் சொன்னாள். அதில் ஆத்திரம் பாதி, நிம்மதி பாதி.

பிரிக்கப் பிரிக்க ஒரு விஷயம் வெளிப்பட்டது. டாக்டர் ஓட்டிய வண்டியே 1964-ல் கம்பெனி விற்ற வண்டி அல்ல. கார்புரேட்டர் வேறு வண்டியினுடையது. ஓர் அச்சு எங்கோ பட்டறையில் கடைந்தது. ஆசன மெத்தைக்குள் தேங்காய் நார். புது வண்டி கேட்டு எழுதிப் போட்டுவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. உதிரிச் சாமானுக்கும் அதே தவம். இருப்பதை வைத்து ஓட்டுவதுதான் அப்போது நம்முடைய மெக்கானிக்குகளின் மேதை. கிடைக்காத சாமானுக்குப் பதிலாக ஒன்றை இழைத்துப் பொருத்திய கையைக் காட்டிலும், கம்பெனியின் அச்சு எந்த விதத்தில் அசல்? எனக்குப் புரியவில்லை.

சட்டத்துக்கு இந்தச் சந்தேகம் இல்லை. நம் தேசத்தில் 2021-ல் வந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை 'விண்டேஜ்' வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக்கு ரூ. 20,000 கட்டினால் 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் கிடைக்கும். ஆனால் சட்டத்திலும் உடம்பிலும் இஞ்சினிலும் பெரிய மாறுதல் இல்லாமல் அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும். தினப்படிக் காரியங்களுக்கு ஓட்டவும் கூடாது. அந்தத் தேங்காய் நாரை நினைத்துக்கொண்டேன்.

நண்பர் முதலில் விரும்பியது, கடையிலிருந்து இறங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி ஆக்க வேண்டும் என்பது. நியாயமான ஆசையாகத்தான் தோன்றும். ஆனால் அது எந்த நாள்? தகப்பனார் அதில் ஏறி உட்காருவதற்கு முந்திய நாள். யாரும் ஓட்டாத வண்டி. தகப்பனாரின் ஞாபகத்துக்காக ஒரு வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று ஆரம்பித்து, அவர் கை பட்ட சுவடெல்லாம் போகும்படி தேய்த்துக்கொண்டிருந்தார். மணல் பீய்ச்சித் துருவை எடுக்கும் இயந்திரம் ஒன்றைக்கூட அடிச்சட்டத்துக்காக வாடகைக்குக் கொண்டுவந்தார். இரும்புக்கு அது சரிதான். இதே முறையில் நம்முடைய கோவில் சுவர்களையும் சுத்தம் செய்கிறோம் என்று புறப்பட்டுக் கல்வெட்டு எழுத்துக்களை எல்லாம் மழுக்கிவிட்ட புண்ணியவான்கள் உண்டு. பிற்பாடு அதற்குத் தடை வந்தது. வந்து என்ன, போன எழுத்து போனதுதான்.

பழைய வண்டிக்காரர்களின் உலகச் சங்கம் ஒன்று டூரின் பெயரால் 2013-ல் ஒரு சாசனமே செய்திருக்கிறது. பழைய கட்டடங்களுக்காக 1964-ல் வெனிஸில் செய்த சாசனத்தைப் பின்பற்றியது. புதுப்பிப்பதைக் காட்டிலும் உள்ளபடி காப்பதே மேல், காலம் பதித்த சுவடுகளை அநாவசியமாக அழிக்காதே என்பது அதன் சாரம். படித்தவுடன் நான் முழு மனசோடு ஒப்புக்கொண்டேன். நண்பரிடமும் சொன்னேன். அந்தச் சமயத்தில்தான் நெளிவு விவகாரம் வந்தது.

இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிவு. 1969-ல் ஒரு ராத்திரி, பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, விளக்கு இல்லாத பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு வந்த ஒரு பையன்மேல் மோதிவிட்டது. டாக்டரே அள்ளிப்போட்டுக்கொண்டு போய் வைத்தியம் பார்த்தார். உயிர் பிழைத்தான். ஆனால் ஒரு கால் கட்டைதான். யாரும் புகார் கொடுக்கவில்லை. டாக்டர் அவன் படிப்புக்குக் கொஞ்ச காலம் பணம் கட்டினார். அதற்குப் பின் 22 வருஷம் வண்டி ஓடிற்று. பெயிண்ட் இரண்டு தடவை அடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் டிங்கர் வேலைக்காரர் அந்த நெளிவைக் காட்டுவார். "இருக்கட்டும்" என்பார் டாக்டர். ஏன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

சிக்கனமாகக்கூட இருக்கலாம். கதை எழுதுகிறவன் இதை நினைக்காமல் இருக்க முடியாது. ஒரு மனிதன் வாய் திறவாமல் இருந்துவிட்டால், அவனுடைய பிள்ளைகள் அந்த மௌனத்துக்குள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்கிறார்கள். நண்பரும் அவருடைய தமக்கையும் வைத்துக்கொண்டது பிராயச்சித்தம். "அப்பா தன் தப்பைத் தினமும் கண் முன்னால் வச்சிண்டு ஓட்டினார். அதைத் தட்டி நிமிர்த்த உனக்கு என்ன பாத்தியதைடா?" என்று தமக்கை டெலிபோனில் அழுதாள். நானும் அவள் கட்சிதான். டூரின் சாசனமும் அவள் கட்சி. காலம் பதித்த சுவடு என்றால் இதைவிட வேறு என்ன?

நண்பருக்கு மட்டும் சமாதானம் ஏற்படவில்லை. ஒருநாள் ரயிலேறி மாயூரம் போனார். ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாறி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது, ஆனால் அவர் வாயில் இன்னும் மாயூரம்தான். அந்தப் பையன் அங்கேயே இருந்தார். அறுபது வயது தாண்டியவர், பேரன் பேத்தி எடுத்தவர். நண்பரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். டாக்டரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. நெளிவைப் பற்றிக் கேட்டதும்தான் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அதை இன்னும் வச்சிருக்கீங்களா?" என்றார். "அந்தக் காலத்திலேயே டாக்டர் ஐயாகிட்டே சொல்லணும்னு நினைச்சதுண்டு சார், தைரியம் வரல்லே. கடைத்தெருவிலே வண்டி நிக்கிறப்பெல்லாம் ஜனங்க அதைப் பார்ப்பாங்க. பார்த்துட்டுத் திரும்பி என் காலைப் பார்ப்பாங்க. வண்டியைத் தட்டி எடுத்திருந்தா நானும் சும்மா நடந்து போயிருப்பேன்."

நண்பர் திரும்பி வந்து இதைச் சொன்னபோது எனக்கு வெகு நேரம் பேச்சு வரவில்லை. காப்பதா, புதுப்பிப்பதா என்று நாங்கள் தர்க்கம் பண்ணியதெல்லாம் வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு. பார்க்கப்போனால் மகன், மகள், சாசனம், நான் எல்லோரும் ஒரே பக்கத்தில்தான் நின்றிருந்தோம், ஸ்டீயரிங் பக்கத்தில். டாக்டர் மனச்சாட்சியுள்ளவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் தம் பிராயச்சித்தத்தை ஊர் நடுவே நிறுத்திவைத்தார். அதன் வாடகையை இன்னொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார். பொருளுக்கு உண்மையாக இருப்பது நல்லதுதான். பொருளால் அடிபட்டவர் 'போதும், எடுத்துவிடு' என்று சொன்ன பிறகும் அந்த உண்மையைக் கட்டிக்கொண்டு அழுவதை நான் பக்தி என்று சொல்ல மாட்டேன்.

அப்படியானால் அடிபட்டவர் சொன்னால் எந்தச் சுவட்டையும் அழித்துவிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். சுலபமாக ஆமாம் என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். சில தழும்புகள் ஊருக்குப் பாடமாக இருந்தாக வேண்டும். ஜாலியன்வாலா பாக் சுவரிலுள்ள குண்டுத் துவாரங்களைச் சிமெண்டு வைத்துப் பூச யாருக்கும் பாத்தியதை கிடையாது. ஆனால் அந்தச் சுவர், அடித்தவன் தன் மனச்சாந்திக்காக வைத்துக்கொண்ட சுவர் அல்ல. அடிபட்ட ஜனங்கள் வைத்துக்கொண்டது. எனக்கு எட்டியவரையில் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

தமக்கை இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அவள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவளுக்கு அப்பாவிடமிருந்து மிஞ்சிய ஒரே வாக்குமூலம் அந்த நெளிவுதான், அதைத் தம்பி கேட்காமல் எடுத்துவிட்டான். வண்டி முடிந்து வெள்ளோட்டம் விட்ட அன்றைக்கு அவள் வரவில்லை.

டிங்கர் வேலைக்காரர் நெளிவை இரண்டு நாளில் எடுத்துவிட்டார். உள்ளே கனத்த இரும்பை அணை கொடுத்து, வெளியே மரச் சுத்தியால் தட்டி, பட்டி பூசித் தேய்த்து, மேலே பழைய சாம்பல் நிறமே அடித்தாயிற்று. தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது. ஆனால் தகட்டின் உட்புறத்தில் அடி பட்ட சுவடு தெரியத்தான் செய்யும். பானெட்டைத் தூக்கிக் குனிந்து பார்த்தால் அந்த இடம் மட்டும் சிற்றலை மாதிரி இருக்கும். வழக்கமாக அதன்மேல் கறுப்புக் கலவையைக் கனமாகப் பூசி மறைத்துவிடுவார்கள். நண்பர் அந்த இடத்தில் மட்டும் வேண்டாம் என்றார்.

"துருப் பிடிச்சிடுமே சார்" என்றாராம் டிங்கர்.

"பிடிக்கட்டும். மாசத்துக்கு ஒரு தரம் தேய்ச்சு எண்ணெய் போட்டுக்கறேன்" என்றாராம் நண்பர். போட்டுக்கொண்டும் வருகிறார்.