நல்ல இடம் எது?

பொங்கல் நெருங்கினால் சென்னையிலிருந்து எனக்கு ஒரு போன் வரும். அக்கா மகன். ‘மாமா, இந்த வருஷம் ஜல்லிக்கட்டு பாத்தே ஆகணும். ஃபிரெண்ட்ஸ் நாலு பேரும் வர்றாங்க. நல்ல இடமா பாத்து வைங்க!’

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பையன் இருப்பான். ஏன், நீங்களே அந்தப் பையனாக இருக்கலாம். டி.வி.யில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். தப்பில்லை.

ஊருக்குப் பஞ்சமில்லை. வாடிவாசல்கள் அதிகம் உள்ள மாவட்டம் என்று புதுக்கோட்டைக்குப் பெயர். தச்சங்குறிச்சியில் ஆரம்பித்தால் கோடை வரைக்கும் ஒவ்வொரு ஊராக நடந்துகொண்டே இருக்கும். அன்னவாசல் பக்கம் தை பிறந்துவிட்டால் போதும், டீக்கடையில் அரசியல் பேச்சு குறைந்து மாட்டுப் பேச்சு ஏறிவிடும். சரி, அங்கேயே விசாரித்து விடலாம் என்று போனேன்.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர். இரண்டு காளை வளர்க்கிறாராம். பேச்சுவாக்கில் கேட்டேன். ‘ஐயா, எந்தப் பக்கம் உக்காந்தா நல்லா தெரியும்?’

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ‘என்ன தெரியணும் தம்பி?’

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால், எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

நீங்களே சொல்லுங்கள். ‘நல்ல இடம்’ என்றால் நாம் எதைச் சொல்கிறோம்? நமக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஆனால், அங்கே ஆவதெல்லாம் நமக்கு நன்றாகத் தெரிய வேண்டும். இதைத்தானே? அதாவது, ஆபத்து அடுத்தவனுக்கு, காட்சி நமக்கு!

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாடிவாசலில் கேலரியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையனைக் காளை தூக்கி எறிந்தது. கூட்டம் மொத்தமும் ‘ஓ’வென்று எழுந்தது. நானும் எழுந்தேன். அடுத்த நொடியே அவன் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடிப்போய்த் தடுப்பில் ஏறிவிட்டான். ‘அப்பாடா’ என்று மனசு சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும் சொன்னது. ஆனால், அதற்கு முன்னால் அரை நொடி, ‘இவ்வளவுதானா?’ என்றும் ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். யாரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒரு பழைய சட்ட விதி உண்டு. பந்து பறந்து வந்து பார்வையாளர் மண்டையில் பட்டால் யார் பொறுப்பு? 1913-ல் மிசௌரி மாநில நீதிமன்றம் ஒன்று சொன்னது: வலை கட்டிய இடம் இருந்தும் வலை இல்லாத இடத்தில் நீயாக உட்கார்ந்தாய், எனவே ஆபத்தையும் நீயே ஏற்றுக்கொண்டாய். நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே இந்த நியாயம் பேசப்படுகிறது.

நம் ஊரிலும் வேடிக்கை பார்ப்பவனுக்கு ஆபத்து இல்லாமல் இல்லை. 2019 ஜனவரி 20-ம் தேதி விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டார்கள். உலக சாதனை என்று கொண்டாடினார்கள். அன்று மாடு முட்டி இரண்டு பேர் இறந்தார்கள். இருவருமே பார்க்க வந்தவர்கள்.

ஆனால், பேஸ்பால் விதி சொல்வதெல்லாம், பார்க்கிறவன் தன் தலைக்குத் தானே பொறுப்பு என்பதைத்தான். பார்க்கிறவன் அடுத்தவன் தலைக்கும் பொறுப்பா? இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. பதில், அன்னவாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு மலையில் இருக்கிறது.

சித்தன்னவாசல். ஓவியம் பார்க்கப் போயிருப்பீர்கள். தாமரைக் குளம், மீன், அன்னம், யானை, பூப் பறிக்கும் மனிதர்கள். ஓவியத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் ஏழடிப்பட்டம் என்ற குகை வரும். பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள். தலைப்பக்கம் தலையணை மாதிரி கல்லிலேயே ஒரு மேடு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்தும் உண்டு. சமணத் துறவிகள் தங்கிய இடம். நடக்கும்போது காலடியில் பூச்சி செத்துவிடக் கூடாதென்று மயிற்பீலியால் தரையைக் கூட்டுகிற நெறி அவர்களுடையது.

அந்த நெறி தீவினையை மூன்று வகையாகப் பார்க்கிறது. தானே செய்வது. அடுத்தவரைச் செய்ய வைப்பது. அடுத்தவர் செய்வதை மனசார ஆமோதிப்பது. மூன்றும் கணக்கில் சேரும்!

மூன்றாவதை மறுபடி படியுங்கள். நாம் என்ன சொல்லித் தப்பிக்கிறோம்? ‘நான் சும்மா பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.’ அந்தப் ‘சும்மா’வை அந்தக் கற்படுக்கைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நீ எதற்குச் சந்தோஷப்பட்டாயோ, அதில் உனக்கும் பங்கு உண்டு என்பார்கள்.

‘அவன் விருப்பப்பட்டுத்தானே சார் களத்துல இறங்குறான்?’ என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால், அவன் இறங்குவது வேலியைப் பார்த்து அல்ல, கேலரியைப் பார்த்து. ஆளே இல்லாத திடலில் எத்தனை பேர் இறங்குவார்கள்? காளையைப் பொறுத்தவரை விருப்பம் கேட்பதற்கே வழியில்லை.

‘சட்டமே அனுமதி கொடுத்தாச்சே?’ அதுவும் உண்மை. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017-ல் மெரினா கூடியது, தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. இரட்டைத் தடுப்பு, கேலரிக்குத் தகுதிச் சான்று, மாட்டுக்கு மருத்துவப் பரிசோதனை, திமிலைத் தவிர வேறெதையும் பிடிக்கக் கூடாது என்று விதிகளும் இருக்கின்றன. எல்லாம் சரி. சட்டம் நடத்தலாமா, கூடாதா என்றுதான் சொல்லும். கேலரியில் உட்கார்ந்திருக்கிறவன் மனசுக்குள் எந்த அதிகாரி வந்து சோதனை போடுவது?

அதற்காகப் போகவே கூடாது என்கிறீர்களா? இல்லை. ஏனென்றால், அன்று அந்தப் பெரியவர் தன் கேள்விக்குத் தானே பதிலும் சொன்னார்.

அவர் காளைக்கு விடிகாலையில் நடை, குளத்தில் நீச்சல், அப்புறம் பருத்திக்கொட்டை. பிள்ளைக்குச் செய்கிற மாதிரி செய்கிறார். ஆனால், வாடிவாசலில் அது சீறிப் பாய்வதை அவர் முழுசாகப் பார்த்ததே கிடையாதாம்.

‘எனக்கு அங்கன ஒண்ணும் தெரியாது தம்பி. கயித்தை எடுத்துக்கிட்டு, மாடு வெளிய வர்ற எடத்துக்கு ஓடிருவேன். எம் மாடு பிடிபடாம வந்தா சந்தோசம். பிடிபட்டா, பிடிச்ச புள்ளைக்குத் துண்டு போத்துவேன். மாடும் வீடு வந்து சேரணும், பயலும் வீடு போய்ச் சேரணும். அது தெரிஞ்சா போதும்.’

அவரும் பார்வையாளர்தான். நானும் பார்வையாளர்தான். அவருக்கு இழப்பதற்கு ஒன்று இருக்கிறது. எனக்குப் பஸ் காசு மட்டும்தான். ஒன்றும் இழக்காமல் பார்க்கிற கண்ணுக்குத்தான் அந்த அரை நொடி ஏமாற்றம் வருகிறது. பெரியவருக்கு அது வரவே வராது. அடிபட்ட பையனின் அப்பாவை அவர் மறுநாள் இதே டீக்கடையில் பார்த்தாக வேண்டுமே!

அந்த ஊர்க்காரராக நாம் ஒரே நாளில் மாறிவிட முடியாது. ஆனால், ஒன்று செய்யலாம். எதற்குக் கைதட்டப் போகிறோம் என்பதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே முடிவு செய்துகொள்ளலாம். தண்ணீர் பாட்டில், தொப்பி எடுத்து வைக்கிற நேரத்தில் இதையும் எடுத்து வைக்கலாம். விழுந்தவன் எழுந்தால் தட்டலாம். காளை யாருக்கும் பிடிகொடுக்காமல், யாரையும் காயப்படுத்தாமல் போனால் தட்டலாம். வாலைப் பிடிக்கிறவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கூட்டத்தில் நாலு பேர் இப்படிச் செய்தால் களத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் போகாது.

இரவு அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

‘ஒரு நாள் முன்னாடியே வந்துருடா. மொதல்ல சித்தன்னவாசல் மலை ஏறுவோம்.’

‘மலையா? மாமா, கேலரில எடம் என்னாச்சு?’

‘அதெல்லாம் சொல்லி வெச்சாச்சு. நல்ல எடமா இல்லையாங்கிறது, நீ அங்க உக்காந்து எதைத் தேடுறேங்கிறதைப் பொறுத்தது.’