கலத்தலும் இழத்தலும்

எலுவன்குளத்துக்கு மேற்கே, புத்தளம் களப்பின் வடபுறத்தில், கலா ஓயாவின் நன்னீர் உவர்நீரோடு கலக்கின்றது. அங்கே இரண்டும் தத்தம் சுவையை இழக்கின்றன. அவ்விழப்பிலேதான் கண்டற்காடு செழிக்கின்றது. மனிதர் கூடிச் செய்யும் ஆக்கத்துக்கும் இத்தகைய இழப்பு வேண்டுமா?

இவ்வினாவுக்கு இசையுலகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. றொக் இசைஞர்களான மிக் ஜகர், டேவ் ஸ்டுவர்ட், பாடகி ஜொஸ் ஸ்டோன், ஜமேக்காவின் டேமியன் மார்லி, தமிழகத்தின் ஏ. ஆர். ரகுமான் ஆகிய ஐவரும் தத்தம் முதன்மைப் பணிக்குப் புறம்பாகக் கூடி, 'சூப்பர்ஹெவி' என்னும் முதல் இசைத்தொகுப்பை 2011 இல் வெளியிட்டனர். தம் குழுவில் தலைமைக் குரலாகவே விளங்கிய ஜகர், இங்கே ஏனையோரோடு பாடலடிகளைப் பகிர்ந்துகொண்டார். 'சத்யமேவ ஜயதே' என்ற பாடலில் சமஸ்கிருதத்திலும் பாடினார்.

இரண்டாந் தொகுப்பு வெளிவரவில்லை. ஆதலின் முயற்சி வீணென்பர் சிலர். பலர் கூடினால் எவர் சுவையும் எஞ்சாதென்பர் வேறு சிலர். பின்னையது சிந்திக்கத்தக்கது. தனக்கென ஒன்றுமில்லாதவன் கூட்டுக்கு எதனைக் கொடுப்பான்? ஆயினும், கழிமுகத்திற் கலந்த கலா ஓயா மேற்புறத்தில் ஆறாகவே ஓடுகின்றது. ஐவரும் அவ்வாறே தத்தம் இசைக்கு மீண்டனர். அவர்கள் துறந்தது முதலிடத்தை மட்டுமே.

மூவினத்தவரும் வாழும் புத்தளத்துக்கு இது வெறும் இசைச் செய்தியன்று. தன்னியல்பை விடுமாறு அயலானைக் கேட்பது அறமாகாது. முதலிடத்தை விட்டுக்கொடுக்க மறுப்பதும் அறமாகாது.