வெள்ளி விலை

1931, அக்டோபர் 31. சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' ரிலீஸ். தமிழின் முதல் பேசும்படம். (அதில் தெலுங்கும் பேசினார்கள் என்பது தனிக் கதை.) பம்பாயிலிருந்து வந்து சேர்ந்த படப்பெட்டிக்கு ஜனங்கள் தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தினார்கள் என்பார்கள்.

சூடம் காட்டிய அந்தப் படம் இன்று ஒரு பிரின்ட்கூட இல்லை. டி.பி. ராஜலட்சுமி அதில் எப்படிப் பாடினார் என்று கேட்டுப் பார்க்க வழியே கிடையாது.

கறுப்பு வெள்ளை பிலிமில் கொஞ்சம் வெள்ளி இருக்கும். ஓடி முடிந்த பழைய படங்கள் பலவற்றை அந்த வெள்ளிக்காகவே எடைக்குப் போட்டிருக்கிறார்கள். இதை முதலில் படித்தபோது, 'அடப்பாவிகளா!' என்றுதான் தோன்றியது.

ஆனால், நான் பி.காம். படித்தவன். ஆயுள் முடிந்த சரக்கைத் தேய்மானம் போக, 'ஸ்கிராப் வேல்யூ' பார்த்துத் தள்ளிவிடு என்றுதானே எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்? அவர்கள் கணக்கில் தப்பே இல்லை. அதுதான் இதில் சங்கடம்.

காப்பாற்றியவர்கள் மட்டும் கலைக்காகவா காப்பாற்றினார்கள்? நாகர்கோவில் சுந்தர்ராஜ் 1933-ல் 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படத்தை எடுத்தார். நாவலின் உரிமை வைத்திருந்த பதிப்பாளர் கோர்ட்டுக்குப் போக, படம் முடங்கியது. சுந்தர்ராஜுக்குப் பெரிய நஷ்டம். ஆனால், பிரின்ட் பதிப்பாளரிடமே கிடந்தது. 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பூஜை போட்ட படம் போய்விட்டது. வழக்கு போட்ட படம் பிழைத்துக்கொண்டது!

சரி, அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. ஒரு பொங்கலுக்கு டேப்ரிகார்டர் வாங்கிய ஜோரில் அம்மாவைப் பேசவைத்துப் பதிவு செய்தது. 'என்னத்தைடா பேசறது?' என்று ஆரம்பித்து, அடுப்பில் பால் பொங்குவது வரைக்கும் அரை மணி நேரம். இரண்டு வருஷம் கழித்து, புதுப் பாட்டு பதிய வேண்டியிருந்தது. புது கேசட் முப்பத்தைந்து ரூபாய். கையில் கிடைத்த அதன் மேலேயே பதிந்துவிட்டேன்.

அன்றைக்கு அது குற்றமாகவே படவில்லை. குரலுக்குச் சொந்தக்காரி அடுத்த அறையில்தான் இருந்தாள். 'சாப்பிட வாடா' என்று தினம் நாலு தடவை கூப்பிட்டுக்கொண்டும் இருந்தாள். தினமும் கேட்கிற குரலை எவன் பத்திரப்படுத்துவான்?

அம்மா போய்ப் பல வருஷமாகிறது. முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. குரல்தான் வரவர மங்குகிறது.

கணக்குப்படி அன்றைக்கு எனக்கு முப்பத்தைந்து ரூபாய் லாபம்.