பெலன் குறைந்தால் விசுவாசம் குறைந்ததா?



ஒரு சித்திரை மாதம், தாமிரபரணிக் கரையிலுள்ள நம் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தது. எழுபது வயதைக் கடந்த ஒரு தாயார் இரண்டாம் நாள் மயங்கி விழுந்தார்கள். சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்டார்கள்: "ஐயா, இருவது வயசுல ஏழு நாள் இருந்தேனே! இப்போ ரெண்டு நாள் தாங்க மாட்டேங்கே. எனக்கு விசுவாசம் கொறஞ்சு போச்சோ?"

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. வியாதியஸ்தர் ஒருவரிடம், "ஒளித்து வைத்த பாவம் ஏதும் உண்டோ?" என்று நானே ஒரு காலத்தில் கேட்டவன். எனக்குப் பிரஷர் வந்த பிறகுதான் வாய் அடங்கியது!

சரீரம் எல்லா வயதிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கைக்குழந்தையின் நாடி நிமிஷத்துக்கு 120 தடவை அடித்தாலும் அது சுகமே. பெரியவருக்குச் சும்மா இருக்கும்போது அப்படி அடித்தால் டாக்டரிடம் ஓட வேண்டும். நாற்பதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகுகிறது. வேதாகமத்தைத் தள்ளிப் பிடிக்கிறோம். வயதாக ஆக சிறுநீரகம் வடிகட்டும் வேகமும் குறைகிறது. முதியவர்களுக்கு உடம்பில் தண்ணீர் வற்றினாலும் தாகம் சரியாகத் தெரியாது. நிமோனியா வந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். சில சுகர் மாத்திரைகள், சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிவிடும். இதில் பாவம் எங்கே வந்தது?

நாகமானின் குஷ்டம் நீங்க வழி சொன்ன எலிசா வியாதியில்தான் மரித்தார். 2 இராஜாக்கள் 13-ஐ வாசியுங்கள். அதே அதிகாரத்தில் அவருடைய எலும்புகள் பட்ட பிரேதம் உயிரோடே எழும்பியது! விசுவாசம் குறைந்தவருடைய எலும்பா அது?

நம் ஜில்லாவிலேயே பாருங்கள். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அப்போது வயது 63. பிறகு 1951 ஜனவரியில் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். நமது சபைக்காரர் அல்லதான். ஆனாலும் எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றிய கைகள்! படுக்கையிலிருந்தே பல புத்தகங்கள் எழுதினார்கள்.

தேவன் இன்றும் சுகமாக்குகிறார். அதை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன். ஆனால் சுகம் கிடைக்காதவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

டாக்டரைக் கேட்காமல் உபவாசம் வேண்டாம் என்று அந்தத் தாயாரிடம் சொல்லிவிட்டேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் கஞ்சி குடித்து, மாத்திரை போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபிக்கிறார்கள். மைக் இல்லாமலே ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்!