புழுங்கலரிசியும் பகுத்தறிவும்

பழமை என்ற ஒரே காரணத்திற்காக ஒன்றைப் போற்றுவது அறிவுடைமையாகாது. ஆயினும், அதே காரணத்திற்காக ஒன்றைத் தள்ளிவிடுவதும் அறிவுடைமையாகாது. முன்னது ஆராயாமல் ஏற்பது. பின்னது ஆராயாமல் மறுப்பது. இவ்விரு பிழைகளையும் விளக்கும் உதாரணம் நம் சோற்றுப் பானையிலேயே இருக்கின்றது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாட்டில் பெரிபெரி என்னும் நோய் பெருந்தொகையினரை மாய்த்தது. கால்கள் வீங்கி, நரம்புகள் தளர்ந்து, இருதயம் சோர்ந்து மக்கள் இறந்தனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களிடையே இந்நோய் மிகுந்தும் தமிழரிடையே அருகியும் இருப்பதை, நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பார் கண்டார். முன்னவர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. பின்னவர் உண்டது புழுங்கலரிசி.

1905, 1906-ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் வைத்தியர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பச்சரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசி உண்ட சுமார் 120 பேரில் 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோரிடையே நோய் புதிதாகப் பரவவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்போர் ஜாவானியத் தொழிலாளரிடையே நடத்திய ஆராய்ச்சியும் இதனையே உறுதிப்படுத்தியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசியினுள் ஊறிவிடுகின்றது. ஆதலின் தீட்டினாலும் அது முழுதும் நீங்குவதில்லை.

நெல்லை அவித்த நம் பாட்டிமார் வைட்டமினை அறிந்தவரல்லர். அரிசி நொறுங்காது, பூச்சி எளிதில் அண்டாது என்பனவே அவர்கள் கண்ட பயன்கள். வழக்கம் நன்மையைக் காத்துத் தந்தது. காரணத்தை ஆராய்ச்சியே கூறிற்று. வைத்தியரும் தவறாதவரல்லர். வெள்ளரிசியில் நஞ்சு உண்டாகின்றது என்று பிராடன் கருதியது பின்னர் பிழையெனக் கண்டறியப்பட்டது. ஆகவே முன்னோர் சொன்னாலும் வைத்தியர் சொன்னாலும் சோதித்தே கொள்ளுதல் வேண்டும்.

இங்கு மறக்கலாகாத ஒன்று உண்டு. அம்மருத்துவமனையில் அடைபட்டிருந்தோர் தாம் உண்பதைத் தேர்ந்தெடுக்கவில்லை. சோதனைக்கு அவர்களது சம்மதத்தைக் கேட்டாருமில்லை. அத்தகையோர் உயிரை விலையாகக் கொடுத்து வந்த அறிவை நாம் அலட்சியம் செய்தல் முறையாகுமா?

இன்றோ அலட்சியமே காண்கின்றோம். புழுங்கலரிசியைக் கூலிக்காரச் சோறென்று இகழ்ந்து, வெண்மையை மேன்மையென மயங்குவோர் நம்மிடை உளர். கேழ்வரகுக் கூழ் பல குடும்பங்களுக்கு ஆடி மாதத்தில் அம்மன் கோயிலிற் கிடைக்கும் பொருளாகிவிட்டது. தகரப் பால் கலந்த தேநீரும், பொட்டலத்து மீயும் நாளைத் தொடங்கி வைக்கின்றன. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டு வயது வந்தோரில் 18.3 சதவீதத்தினர்க்கு நீரிழிவு உண்டென்றும், இந்தியரிடையே அது மிகுதியென்றும் காட்டிற்று. கேழ்வரகு அந்நோயைத் தீர்க்கும் என நாம் கூறவில்லை. அவ்விதம் கூறுவது மற்றொரு மூடநம்பிக்கை. தீட்டிய மாவும் சர்க்கரையும் மிகுந்த உணவு கேடு தருமென்பதும், முழுத் தானியமும் கீரையும் பருப்பும் நலந்தருமென்பதும் போதும்.

ஆனால், தோட்டத்துக் கூலிக் கணக்கை எழுதும் நாம், உபதேசத்தால் பானை நிறையாதென்பதை அறிவோம். லயத்தின் பின்புறத்தில் முருங்கையும் கீரையும் வெண்டையும் விளைந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீட்டு மனைகளான பின், அம்மக்கள் அடுக்குமாடிகளில் ஏறினர். கீரைப் பாத்தி கீழேயே நின்றுவிட்டது. கையளவு மண்ணும் இல்லாதவனை நோக்கி வீட்டில் விளைந்ததை உண்ணென்பது பரிகாசமன்றோ?

ஆகையால் கடமை இரண்டு. ஆராய்ந்து உண்பது தனி மனிதன் கடமை. ஆராய்ந்ததை உண்ண வழிசெய்வது சமூகத்தின் கடமை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள நம் சங்கங்களும் கோயில்களும் மேளத்திற்கும் பந்தலுக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியைக் காய்கறித் தோட்டத்திற்கும், பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவிற்கும் ஒதுக்குமாயின், ஆடி மாதத்துக் கூழ் ஆண்டு முழுவதும் கிடைக்கும். அம்மன் அதற்குக் கோபிக்கப் போவதில்லை.