ஆயரின் கண்ணும் ஆடுமகளின் காலும்

1798 மார்ச் மாதம், இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்த வேளையில், மணமுறிவு மசோதா ஒன்றின் விவாதத்தின்போது பிரபுக்கள் அவையில் எழுந்த டர்ஹாம் ஆயர் ஷூட் பாரிங்டன், படையால் வெல்ல இயலாத எதிரி, ஆங்கிலேயரின் ஒழுக்கத்தைக் குலைக்கவே நடனக்காரிகளை லண்டன் மேடைக்கு அனுப்புகிறான் என்று முழங்கினார். அதே மாதத்தில் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே, ஆயர் கோலத்தை நினைவூட்டும் உடையில் பாலே நங்கையர் ஆடுவதாக ஒரு செதுக்கோவியம் (செப்புத்தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து எடுக்கும் அச்சுப்படம்) வெளியிட்டார். ஐசக் குரூக்ஷாங்கோ, ஆயரே தம் ஆயர்கோலை ஓங்கியபடி மேடையில் பாய்வதாக வரைந்தார்.

இக்கேலிப்படங்களை வெறும் மதப்பகை என்று ஒதுக்குவது பிழை; கிறித்தவ மரபுக்குள்ளேயே உள்ள ஒரு கேள்வியை இவை கிளறுகின்றன. இச்சையோடு நோக்குபவன் தன் உள்ளத்திலேயே தவறிழைத்துவிட்டான் என்பது இயேசுவின் மலைப்பொழிவு கூறும் நெறி. அந்நெறிப்படி குற்றம் ஆடுபவளின் துகிலில் அன்று, காண்பவனின் நெஞ்சில் உறைவது. ஆடையின் மென்மையை அளந்து கண்டிக்க வேண்டுமானால் முதலில் அதை உற்று நோக்கியாக வேண்டும் என்னும் இக்கட்டை, நீண்ட வாதங்களைவிட இப்படங்கள் கூர்மையாகக் காட்டிவிடுகின்றன. ஆனாலும் கேலியும் முற்றிலும் தூய்மையானதன்று: ஆயரை எள்ளும் சாக்கில் ஓவியர்களும் ஆடுமகளிரின் அதே கால்களைத்தான் விற்றனர்.

பாரிங்டன் 1826-இல் இறக்கும்வரை டர்ஹாம் ஆயராகவே இருந்தார். பாலேயும் லண்டன் மேடையைவிட்டு இறங்கவில்லை.